இன்டெலா, ஏஎம்டியா? ஒரு கேள்வி பிறந்த கதை

அக்கா வீட்டுக்குப் போன அன்று மருமகன் பழைய கம்ப்யூட்டர் முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் மொபைல் டேட்டாவைக் கரைத்து உபுண்டு இறக்கியிருக்கிறான். ஃபைல் பெயரின் கடைசியில் ‘ஏஎம்டி64’ என்று இருக்கிறது. அவனிடம் இருப்பதோ இன்டெல்.

“தப்பான ஃபைலை இறக்கிட்டேன் போல மாமா. ஆறு ஜிபி போச்சு.”

“போகலை மாப்ள. அதுதான் உன் மிஷினுக்கும். போட்டுப் பாரு.”

நம்பாமல்தான் போட்டான். ஏறிவிட்டது. “அப்புறம் எதுக்கு அந்தப் பேரு?” என்றான். சொல்ல ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும் என்று தெரியும். ஆனால் நான் போனதே அதற்குப் பக்கத்துக் கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லத்தான். அவன் புது மிஷின் அசெம்பிள் பண்ணப் போகிறான். பகலில் வீடு கட்டுகிறவர்களுக்கு எலிவேஷன் படம் போட்டுக் கொடுக்கும் வேலை. பிளெண்டரில் வீட்டை எழுப்பி, சுவருக்கு வண்ணம் பூசி, வாசலில் ஒரு காரையும் நிறுத்தி ரெண்டர் போடுவான். ராத்திரி கேம். இரண்டுக்கும் ஒரே மிஷின் வேண்டும். பிராசசர் இன்டெலா, ஏஎம்டியா?

இந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று சொல்ல, அக்கா வீடு இருக்கும் அக்காள்மடத்தைவிடத் தோதான ஊர் கிடையாது. பாம்பன் பாலம் தாண்டித் தீவுக்குள் இறங்கி ராமேசுவரம் சாலையில் போனால், அக்காள்மடம் முதலில் வரும், தங்கச்சிமடம் அடுத்து வரும். ஒரே வீட்டில் பிறந்த இரு சகோதரிகளின் நினைவாக எழுந்த மடங்கள், சேதுபதி மன்னர் மகள்கள் அவர்கள் என்று வழிவழியாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, ஊர்ப்பெயர் நின்றுவிட்டது. இந்த இரண்டு கம்பெனிகளும் அப்படித்தான், ஒரே வீட்டில் பிறந்தவை.

அந்த வீட்டின் பெயர் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர். 1957ல் வில்லியம் ஷாக்லியின் ஆய்வகத்தை விட்டு ஒன்றாக வெளியேறிய எட்டுப் பேர் கலிபோர்னியாவில் தொடங்கியது. அந்த எட்டுப் பேரில் இருவர், ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும், 1968 ஜூலையில் பிரிந்துபோய் இன்டெலை ஆரம்பித்தார்கள். 1969 மே 1 அன்று அதே ஃபேர்சைல்டில் மார்க்கெட்டிங் பார்த்துக்கொண்டிருந்த ஜெரி சாண்டர்ஸ் ஏழு பேரோடு வெளியே வந்து ஏஎம்டியை ஆரம்பித்தார். பத்து மாத இடைவெளி. அக்கா தங்கச்சிக்கு இது கொஞ்சம் நெருக்கம்தான். மூத்தவளை நடத்தியவர்கள் விஞ்ஞானிகள், இளையவளை நடத்தியவர் விற்பனைக்காரர். இந்த வேறுபாடு பல வருஷம் குணத்தில் தெரிந்தது. அக்கா புதிதாகச் செய்வாள். தங்கச்சி அதையே செய்து விலை குறைத்துக் கொடுப்பாள்.

தொடக்கம் அவ்வளவு கௌரவமாகவும் இல்லை. இன்டெலின் 8080 பிராசசர் 1974ல் வந்தது. அது கடைக்கு வருமுன்பே அதன் மாதிரி ஒன்று ஜெராக்ஸ் கம்பெனியில் இருந்தது. அங்கே வேலை பார்த்த மூன்று பேர், அவர்களில் ஒருவர் பெயர் ஜே குமார், வேலையை விட்டுப் போகிற கடைசி நாளில் அந்தச் சிப்பை நுணுக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். படத்தைப் பார்த்துப் பார்த்து உள்ளே இருக்கும் சர்க்யூட்டை வரைந்தார்கள். அதை வாங்கிக்கொண்ட கம்பெனி ஏஎம்டி. ஏஎம்9080 என்ற பெயரில் நகல் வந்தது. 1976ல் இரண்டு கம்பெனிகளும் உட்கார்ந்து பேசி, ஒருவர் உரிமையை ஒருவர் பயன்படுத்தலாம் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டன. அதோடு களவு கணக்கில் ஏறிவிட்டது.

இதுவரைக்கும் இது இரண்டு கம்பெனிக்காரர்களின் சங்கதி. வாங்குகிற நம் முன்னால் இரண்டு பெயர்கள் வந்து நின்றதற்குக் காரணம் வேறொருவர்: ஐபிஎம்.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. உள்ளே இருந்தது இன்டெலின் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். ஐபிஎம் பெரிய வாங்குபவர், பெரிய வாங்குபவருக்குரிய பயமும் அவருக்கு உண்டு. சரக்கு ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் விலையை ஏற்றினால் என்ன செய்வது, அவர் ஆலையில் உற்பத்தி நின்றால் என்ன செய்வது? இந்தத் தீவில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. படகுக்கு ஐஸ் ஒரே ஒரு கம்பெனியில்தான் கிடைக்கும் என்றால் பிடித்த மீனுக்கு யார் விலை வைப்பார்கள் என்பது அக்கா வீட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதே சிப்பை இன்னொரு கம்பெனியும் செய்துதர வேண்டும் என்பது ஐபிஎம்மின் நிபந்தனை. 1982 பிப்ரவரியில் இன்டெலும் ஏஎம்டியும் ஒப்பந்தம் போட்டன. தங்கச்சிக்கு மடம் கட்ட அக்காவே அஸ்திவாரம் போட்டுக் கொடுத்த மாதிரி. விருப்பப்பட்டுப் போட்டதாகச் சொல்ல முடியாது, சம்பந்தி வற்புறுத்தினார்.

நாம் இன்று கடையில் நின்று ‘அதுவா இதுவா’ என்று யோசிக்கிற வசதி, ஒரு வாடிக்கையாளர் ஒரே கதவில் நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்ததில் வந்தது. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போட்டி தானாக முளைத்தது, திறமைசாலிகள் ஜெயித்தார்கள் என்றுதான் இந்தக் கதையைப் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

அஸ்திவாரம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. 1985ல் 386 வந்தபோது அதைப் பகிரமாட்டேன் என்று இன்டெல் சொல்லிவிட்டது. 1987ல் மத்தியஸ்தத்துக்குப் போனது விவகாரம், 1995ல்தான் சமாதானம் ஆனது. நடுவில் 1991ல் ஏஎம்டி தன் சொந்த முயற்சியில் ஏஎம்386 கொண்டுவந்தது. இன்டெலின் 386 எட்டிய வேகம் 33 மெகாஹெர்ட்ஸ், இது 40. அதே ஆண்டு ‘386’ என்பது வெறும் எண், அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்த சிப்புக்கு 586 என்று பெயர் வைத்தால் தங்கச்சியும் அதையே வைப்பாள். அதனால் 1993ல் எண்ணை விட்டுவிட்டுப் பெயர் வைத்தார்கள்: பென்டியம். நம் ஊர்ப் பிரவுசிங் சென்டர் போர்டுகளில் எல்லாம் எழுதியிருந்த அந்தச் சொல் ஒரு கோர்ட் தீர்ப்பின் பிள்ளை.

பென்டியத்தின் தந்தை என்று அழைக்கப்படுகிற வினோத் தாம், புனேயில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். 1995ல் இன்டெலை விட்டு நெக்ஸ்ஜென் என்ற சின்னக் கம்பெனிக்குப் போனார். அந்தக் கம்பெனியையே ஏஎம்டி வாங்கியது. அங்கிருந்து 1997ல் வந்ததுதான் கே6, பென்டியத்துக்கு எதிராக நின்ற சிப். இரண்டு மடத்திலும் விளக்கேற்றிய மனிதர்.

இனிதான் மருமகனின் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். இத்தனை சண்டைக்கு நடுவிலும் 1997 வரை வீட்டுக் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுகிறவர்களுக்கு ஒரு கவலை கிடையாது. மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். அப்போதைய சாக்கெட் 7ல் இன்டெலையும் வைக்கலாம், ஏஎம்டியையும் வைக்கலாம், சைரிக்ஸ் என்று மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதையும் வைக்கலாம். போர்டில் இருக்கும் சின்ன ஜம்பர்களை இடம் மாற்றி மின்னழுத்தத்தையும் வேகத்தையும் சரி பண்ணினால் போதும். முதலில் போர்டை வாங்கிவிட்டு, பையில் மிச்சம் இருக்கிற காசைப் பார்த்து பிராசசரைத் தேர்ந்தெடுத்த காலம் அது.

1997 மே மாதம் பென்டியம் 2 வந்தது. அது சாக்கெட்டில் உட்காராது. கறுப்புப் பெட்டி ஒன்றில் அடைத்து, வீடியோ கேம் கேசட் மாதிரி போர்டில் நிமிர்த்திச் செருக வேண்டும். ஸ்லாட் 1 என்று பெயர் வைத்தார்கள். தொழில்நுட்பக் காரணம் நிஜமாகவே இருந்தது: கேஷ். காசு இல்லை, பிராசசர் அடிக்கடி கேட்கும் தகவலை அதன் பக்கத்திலேயே வைத்திருக்கும் சின்ன நினைவகம். அதைச் சிப்புக்குள்ளேயே வைக்க அப்போது செலவு தாங்கவில்லை. அதனால் பிராசசரையும் கேஷையும் ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெட்டியில் மூடினார்கள். ஆனால் அந்த ஸ்லாட்டும் அதன் பின்னால் ஓடிய இணைப்பு முறையும் இன்டெலின் காப்புரிமைக்குள் இருந்தன. தங்கச்சிக்கு உள்ளே வர வழியில்லை.

ஏஎம்டி இரண்டு வருஷம் பழைய சாக்கெட் 7ஐயே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டியது. 1998ல் கே6-2 என்ற சிப்பில் 3டி கேம்களுக்கென்றே தனிக் கட்டளைகளைச் சேர்த்தது. 1999ல் அத்லான் வந்தபோது அதற்கு ஸ்லாட் ஏ என்று சொந்த இடம். வேடிக்கை என்னவென்றால் அது ஸ்லாட் 1ன் அதே பிளாஸ்டிக் துளைதான், திசையை மட்டும் திருப்பி வைத்தார்கள், மாற்றிச் செருகிவிடக் கூடாது என்று. மின்சார வழிகள் முழுக்க வேறு. அவற்றை டெக் கம்பெனியின் ஆல்ஃபா பிராசசரிலிருந்து உரிமம் வாங்கிக் கொண்டுவந்தார்கள். சீக்கிரமே கேஷ் சிப்புக்குள் போய்விட்டது, கறுப்புப் பெட்டிகள் மறைந்தன, இரு பக்கமும் சாக்கெட்டுக்கே திரும்பினார்கள். பொதுச் சாக்கெட் மட்டும் திரும்பவில்லை. பெட்டி போனது, பூட்டு நின்றது. அன்றிலிருந்துதான் ‘எந்த பிளாட்பாரம்?’ என்ற கேள்வி. பிராசசரைத் தேர்ந்தால் போர்டு, போர்டைத் தேர்ந்தால் ரேம், மூன்றையும் ஒரு கட்டாகத் தேர வேண்டும். பாம்பன் ஸ்டேஷனில் பிளாட்பாரம் மாறி நின்றால் ரயில் போய்விடும் என்பது மாதிரிதான் இதுவும்.

“அந்த 64 எங்க மாமா?” என்றான். ஆறு ஜிபியை அவன் மறக்கவில்லை.

பழைய 32 பிட் பிராசசர்களால் ஒரு புரோகிராமுக்கு 4 ஜிபிக்கு மேல் நினைவகம் காட்ட முடியாது. அடுத்த படியாக இன்டெல் கொண்டுவந்தது ஐட்டேனியம். பழைய புரோகிராம்களை அது தத்தித்தத்தித்தான் ஓட்டியது. ஏஎம்டி பழைய வீட்டை இடிக்காமல் மாடி கட்டியது. 8088 காலத்திலிருந்து வந்த அதே எக்ஸ்86 மொழி, மேலே 64 பிட். 2003ல் ஆப்டெரான், அத்லான் 64. பழைய புரோகிராம் அப்படியே ஓடும், புதியதும் ஓடும். உலகம் மாடி வீட்டையே எடுத்துக்கொண்டது. 2004ல் இன்டெலும் அதையே தன் சிப்பில் வைத்தது. முதலில் கட்டியவர் பெயர் ஃபைலில் தங்கிவிட்டது. இன்டெல் மிஷினில் ஓடும் விண்டோஸைக் கேட்டால்கூட தன் கட்டமைப்பு ‘ஏஎம்டி64’ என்றுதான் சொல்லும். நகலெடுத்துப் பிழைக்கத் தொடங்கியவள் எழுதிய மொழியில் இன்று மூத்தவள் பேசுகிறாள்.

நடுவில் இருக்கும் வருஷங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 2006ல் கோர் 2 டுவோவோடு இன்டெல் மேலே போனது, 2011ன் புல்டோசரோடு ஏஎம்டி பள்ளத்தில் விழுந்தது. எதிரே ஆள் இல்லாத வருஷங்களில் என்ன நடந்தது என்பதை மட்டும் மருமகனுக்கு விரல்விட்டுக் காட்டினேன். 2007லிருந்து 2017 தொடக்கம் வரை இன்டெலின் சாதாரண சாக்கெட்டில் உச்சப் பிராசசருக்கு நான்கு கோர்தான், அதாவது ஒரே சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் நான்கு மூளைகள். பத்து வருஷம். 2017 மார்ச் 2 அன்று எட்டுக் கோரோடு ஏஎம்டியின் ரைசன் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெலுக்கு ஆறு கோர் செய்யத் தெரிந்துவிட்டது! ஐபிஎம்மின் பயம் வீண் பயமில்லை.

“நம்ம ஊரு பிராசசர் இல்லையா?” என்றான். உண்டு. சென்னை ஐஐடியில் காமகோடி குழு செய்த சக்தி. 2018ல் அதன் சிப் லினக்ஸை ஓட்டியது. எக்ஸ்86 சொத்துச் சண்டைக்குள்ளேயே போகாமல், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிடப்பட்ட ரிஸ்க்-5 மொழியில் எழுதப்பட்டது. ஆனால் அது கேம் விளையாடுவதற்கான சரக்கு இல்லை.

சரி, எதை வாங்குவது? அக்கா திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். தங்கச்சிமடம் மல்லிகை நாற்று ஊரூருக்கும் போகிறது, இங்கே பூவுக்குப் பஞ்சமில்லை. அவள் மடியைக் காட்டித்தான் சொன்னேன். ரெண்டர் என்பது கல்யாணத்துக்கு நூறு முழம் கட்டுவது. ஒரு கூடைப் பூவைப் பத்துப் பெண்களுக்குப் பிரித்துக் கொடு, ஆளுக்குக் கொஞ்சமாகக் கட்டி முடித்துவிடுவார்கள். ஒருத்தி இன்னொருத்திக்காகக் காத்திருக்க வேண்டாம். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு கோருக்கும் கொடுப்பது அப்படித்தான், கோர் கூடினால் நேரம் குறையும். கேம் என்பது ஒரே சரம். ஒரு முடிச்சு விழுந்த பிறகுதான் அடுத்த முடிச்சு. பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்தாலும் கட்டுவது பெரும்பாலும் ஒருத்திதான். விநாடிக்கு 144 படம் வேண்டும் என்றால் ஒரு படத்துக்கு ஏழு மில்லி செகண்டுகூட இல்லை. அங்கே அவள் வேகத்தைத் தீர்மானிப்பது மடியில் எவ்வளவு பூ இருக்கிறது என்பது. எழுந்து தோட்டத்துக்குப் போனால் சரம் நின்றுவிடும்.

அந்த மடிதான் கேஷ். 1997ல் சாக்கெட்டைப் பிரித்த அதே கேஷ். 2022ல் ஏஎம்டி 5800எக்ஸ்3டியில் 64 எம்பி கேஷைச் சிப்பின் தலைமேல் அடுக்கி, மொத்தம் 96 எம்பி ஆக்கியது. கேம்களில் அது முன்னால் ஓடியது, ரெண்டரில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கட்டுகிற கைகள் எட்டுதானே. 16 கோரில் கேஷ் அடுக்கிய 9950எக்ஸ்3டி இரண்டுக்கும் ஆகும், மருமகனின் கைக்கு ஆகாது.

இன்டெல் பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன் கேட்டிருந்தால் இன்டெலையும் யோசி என்றிருப்பேன். அதன் உள் கிராபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க், கேமராவின் 10 பிட் ஃபைல்களை வழவழவென்று ஓட்டும். புதிய என்விடியா கார்டுகளும் இப்போது அதைச் செய்கின்றன. இன்டெலின் 14900கே ரெண்டரில் நல்ல வேலைக்காரன். ஆனால் முழுப் பாய்ச்சலில் 253 வாட் வரை குடிக்கும், மூன்று சீலிங் ஃபேனுக்கு மேல். ஏசி இல்லாத அறையில் ஜன்னலைத் திறந்தால் கடல். 13, 14ஆம் தலைமுறைச் சிப்கள் சில மின்னழுத்தக் கோளாறால் தடுமாறி, 2024ல் இன்டெல் திருத்தம் கொடுத்து உத்தரவாதத்தையும் இரண்டு வருஷம் நீட்டியது. ஏஎம்டியும் புனிதரில்லை. 2023ல் 7800எக்ஸ்3டி சிப்கள் சில போர்டுகளில் கருகின. அங்கும் மின்னழுத்தம்தான் குற்றவாளி. 2020ல் பழைய போர்டுகளுக்குப் புதுப் பிராசசர் ஆதரவு கிடையாது என்று அறிவித்து, ஆட்கள் கத்திய பிறகு சில நாட்களில் பின்வாங்கியது.

எனக்கு இதில் தராசை இறக்கியது சாக்கெட்டின் ஆயுள். 2017ல் இன்டெல் அதே 1151 சாக்கெட்டை வைத்துக்கொண்டே பழைய போர்டில் புதுச் சிப் ஓடாது என்றது. ஏஎம்டியின் ஏஎம்4 முதல் ரைசனிலிருந்து 5800எக்ஸ்3டி வரை ஐந்து வருஷம் தாங்கியது. 2022ல் வந்த ஏஎம்5க்கு 2027 தாண்டியும் புதுச் சிப் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். தவணை தவணையாகக் காசு சேர்க்கிறவன் போர்டை ஒருமுறை வாங்கிவிட்டு, பிராசசரை மூன்று வருஷம் கழித்து மாற்றிக்கொள்ளலாம்.

“அப்ப 7800எக்ஸ்3டி வாங்கிடுறேன்” என்றான். கண்ணில் கேம் தெரிந்தது.

“சோறு போடுறது எலிவேஷன். முதல்ல நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கு மாப்ள.” பிளெண்டருக்குள் ரெண்டர் போடும் சைக்கிள்ஸ் என்ற எஞ்சின் கார்டிலேயே வேலையை முடிக்கும், வீடு கார்டின் நினைவகத்துக்குள் அடங்கிவிட்டால் பிராசசரைவிடப் பல மடங்கு வேகம். பிராசசருக்கு ரைசன் 9 7900 சொன்னேன். 12 கோர், 65 வாட், உப்புக்காற்றில் சின்னக் கூலரே போதும். கூடவே 64 ஜிபி ரேம், காசு பார்க்காமல் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ், ஒரு யுபிஎஸ். கேம் ஆசை தாங்காத வருஷம் எக்ஸ்3டி வாங்கி அதே சாக்கெட்டில் வை. அரை மனதாகத் தலையாட்டினான்.

கூரியர் வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். கேபினெட்டைத் தரையில் கிடத்தி, போர்டை அட்டைமேல் வைத்தோம். சாக்கெட்டின் கம்பியை நிமிர்த்தி, சிப்பின் மூலையில் இருக்கும் முக்கோணத்தைப் போர்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் இறக்கினான். கம்பியை மடக்கியதும் மேலே இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடி டக்கென்று துள்ளி அக்கா காலடியில் விழுந்தது.

“உடைச்சிட்டியாடா?”

“இல்லம்மா. அது அப்படித்தான் கழரும்.”

“அப்ப இதைத் தூக்கிப் போட்டுரவா?”

வேண்டாம் என்றேன். போர்டை எப்போதாவது வாரண்டிக்கு அனுப்ப வேண்டியிருந்தால் சாக்கெட்டை இந்த மூடியால் மூடித்தான் அனுப்ப வேண்டும், ஊசிகள் வளைந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய மிஷினின் ரேமைத் துடைக்க மருமகன் வைத்திருந்த அழிரப்பரோடு சேர்த்து, நூல்கண்டு வைக்கும் டப்பாவில் போட்டு மூடினாள்.